முத்து முத்தான கையெழுத்து

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் என் வாலுவும் நலமா?

"போன்ல உன் குரலைக் கேட்டா, குடிச்சிருக்கியான்னுதான் என் காது தேடுது. லெட்டர் போடு. டீச்சருக்குக் கையெழுத்து போதும்" என்று சொல்லிவிட்டு என் மகளைக் கூட்டிக்கொண்டு போனாய். அதனால் இதையும் எழுதுகிறேன்.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓய்வறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். குடியை நிறுத்த நினைப்பவர்களுக்குக் கூட்டம், சனிக்கிழமை மாலை ஐந்து மணி, தையல் வகுப்புக்கு மேல் மாடி. போன வாரம் போனேன். ஏழு படி ஏறியதும் மேலே யாரோ சிரித்தார்கள். நான் ஊசி குத்திய யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால்? அப்படியே இறங்கி வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் போவேன்.

உன் தங்கை


பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், ஒரு தரம் அக்காவாக, ஒரு தரம் டீச்சராக. முத்து முத்தான கையெழுத்து! ஓர் எழுத்துகூட ஆடவில்லை. குடிக்கிற கை இப்படி எழுதாது. மாடிப்படி என்ன புலியா, பாதியில் இறங்கி ஓடி வர? இருந்தாலும் நீ தேறிவிட்டாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்தாயிற்று. பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை. உன் கடிதங்களைப் பார்த்துத்தான் எழுத்துப் பழகுகிறாள்.

இருபதாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். அவளை அழைத்து வந்து உன்னிடமே விட்டுவிடுகிறேன். பிள்ளை அம்மாவிடம் இருப்பதுதான் அழகு.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

அவளை அழைத்து வராதே.

இந்தக் கோழிக் கிறுக்கலைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், மன்னித்துக்கொள். குடிக்காமல் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

முன்னால் வந்த ஒன்பதும் குடித்துவிட்டு எழுதியவை. காலையில் இரண்டு மடக்கு உள்ளே போனால்தான் என் கை ஆடாமல் நிற்கும். அப்படித்தான் வேலைக்கும் போனேன். கைராசிக்காரி என்று என்னிடமே வந்து கை நீட்டுவார்கள். நான் கூப்பிடப் போகாததால் வாலு பள்ளி வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, அத்தனை பெரிய ரோட்டைத் தனியாகக் கடந்து வந்தாளே, அன்றும் என் கை ஆடவில்லை அக்கா.

உன் கடிதம் வந்ததும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவள் திரும்ப என் பொறுப்பில்! சனிக்கிழமை எல்லாப் படியும் ஏறிவிட்டேன்.

பத்து நாற்காலி. ஓர் எலக்ட்ரீஷியன் டீ ஊற்றினார். எனக்கு அரைக் கப்தான் கொடுத்தார். "முழுசா ஊத்தினா சிந்திடும்மா. இங்க புதுசா வர்றவங்களுக்கு அரைக் கப்தான்." அதையும் இரண்டு கையால் பிடித்துத்தான் குடித்தேன். என் முறை வந்தபோது, "எனக்குப் பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். "எனக்கும்தாம்மா. பதினோரு வருஷமா" என்றார் அவர்.

சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஊசியைத் தொடக் கூடாது என்று லீவும் எழுதிக் கொடுத்தார்.

தங்கை


பிப்ரவரி 18

தங்கைக்கு,

உன் பழைய கடிதங்களைக் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். கோபத்தில் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை. "அம்மா மாதிரி எழுதுடி" என்று இதைத்தானே பிள்ளைக்குக் கொடுத்தேன்! அவளை உன் வாசலில் விட்டுவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேனே என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அவள் இங்கேயே இருக்கட்டும். நீ வாரா வாரம் எழுது. கோணலாகவே எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நூற்றுப் பத்து நாள் ஆகிவிட்டது. ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

போன கடிதம் வரைக்கும் ஆடிய கை இப்போது நின்றுவிட்டது, பார். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிவிட்டு நானே பயந்துபோனேன். இதைப் பார்த்தால் நீ என்ன நினைப்பாய்? அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேண்டுமென்றே கோணலாக எழுதிப் பார்த்தேன். அதுவும் பொய்தானே? அதனால் வருகிறபடியே எழுதுகிறேன். நீ நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயில்லை.

நேற்று எலக்ட்ரீஷியன் எனக்கு முழுக் கப் ஊற்றினார். சிந்தவில்லை. வாலுவை ஒரு தரம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

தங்கை


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்து அந்த எழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பழைய கடிதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை. இருபது வருஷமாக நோட்டுத் திருத்துகிறேன், இந்த ஒரு கையெழுத்து மட்டும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து சேருகிறோம், நானும் வாலுவும். அந்த மாடியில் குடும்பத்தாரும் உட்காரலாமா என்று கேட்டு வை. கூடாது என்றால் படியில் உட்கார்ந்துகொள்கிறோம். அவளை உன்னிடம் விடுவேனா, திரும்பக் கூட்டி வருவேனா, எனக்கே தெரியாது. அவள் இப்போதே பையில் துணியை அடுக்கிவிட்டாள்.

இந்தக் கடிதத்தில் எழுத்து ஆடியிருந்தால் தப்பாக நினைக்காதே. அந்த எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வை, எனக்கும் அரைக் கப் போதும்.

அக்கா