இரண்டு மைக் போடும் பெட்டி

லொய்க்கா,
2019 மார்ச் 4

அன்புள்ள யாஸ்னாவுக்கு,

நான் நலம். நீயும் உன் அக்கா வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். போன் பண்ணாதே, ஏதாவது வேண்டுமென்றால் எழுது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். ஆறு மாதமாக எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒன்று வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கிட்டாரையும் குரலையும் வீட்டிலேயே லேப்டாப்பில் பதிவு செய்ய நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டுமாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிறார்கள். எர்னால்டோவைக் கூட்டிக்கொண்டு மெலிபீயாவில் ஒரு கடைக்குப் போனேன். "ஒரு மைக்கா, ரெண்டு மைக்கா? மைக்குக்குக் கரன்ட் குடுக்கிறதா, குடுக்காததா?" என்று கடைக்காரர் அடுக்கினார். நான் முழித்தேன். "அண்ணே, எதுக்கு வாங்குறீங்கன்னாவது தெரியுமா?" என்றார். அது தெரியும் என்றேன். சிவப்பு, நீலம், கறுப்பு என்று மூன்றை எடுத்து வைத்தார். "சிவப்பை வாங்குடா, உன் மூஞ்சிக்குப் பக்கத்துல அதாவது கலரா இருக்கட்டும்" என்றான் எர்னால்டோ. ஒன்றும் வாங்காமல் ஆளுக்கு ஒரு எம்பனாடா தின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

நீ ஆறு வருஷம் மெலிபீயா ரேடியோவில் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்தவள். இக்கிக்கேயில் வரியில்லாக் கடைத்தெருவில் உன் அத்தான் கடையில் இதையெல்லாம்தான் விற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன்னை விட்டால் வேறு யாரைக் கேட்பேன்? விலை மட்டும் அதிகம் போகக் கூடாது.

பீச் பழத்தை நறுக்கிக் கூரையில் காயப்போட்டிருக்கிறேன். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறு விசேஷம் இல்லை.

உன்,
நிபால்டோ


இக்கிக்கே,
மார்ச் 19

நிபால்டோவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெட்டி வேண்டும் என்று மொட்டையாகக் கேட்டால் எதைச் சொல்வது? கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன், பாடிக்கொண்டே வாசிப்பீர்களா, தனித்தனியாகவா என்று. உன்னைக் கேட்கத் தேவையில்லை. கிட்டார் மடியில் இல்லாவிட்டால் உனக்குப் பாட்டே வராது. உன் கிட்டாரிலோ ஒயர் சொருக இடம் கிடையாது, அதற்கும் ஒரு மைக் வைத்தாக வேண்டும். ஆகவே இரண்டு மைக் போடும் பெட்டிதான் உனக்கு. மலிவில் வருவதில் பாதி ஆளை ஏமாற்றும். பார்த்தால் இரண்டு துளை இருக்கும், ஆனால் மைக்குக்கு ஒன்றுதான், மற்றது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு. அதில் மைக்கைச் சொருகினால் கொசு பாடுகிற மாதிரி கேட்கும். மெலிபீயாவில் நீ பார்த்த மூன்றுமே அந்த ரகமாகத்தான் இருக்கும்.

எதற்கு என்று மட்டும் நீ எழுதவில்லை. யாருக்குப் பாடப் போகிறாய்?

ஊரில் செத்துப்போன பதினோரு குழந்தைகளுக்கு விடைப்பாட்டு பாடியவன் நீ. சொந்த மகளுக்கு வாயைத் திறக்கவில்லை. ஒன்றே கால் வயசு அம்பாரோவுக்கு வெள்ளைச் சட்டையும் காகித றெக்கையும் போட்டு, தேவதையாக்கி மேசைமேல் நாற்காலியில் உட்காரவைத்தோம். ஏழு பாடகர்கள் வட்டமாக உட்கார்ந்தீர்கள். விடிவதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போகிற மாதிரி ஒருவர் பாடி அனுப்ப வேண்டும். யாரும் பாடவில்லை. சொல்லிக்கொள்ளாமலேயே அவளைப் புதைத்தோம். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை, மறைத்து எழுத என்ன இருக்கிறது?

நான் அழவும் இல்லை. உன் அக்கா எடெல்மிரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதடி கண்ணு, நீ அழுதா பிள்ளையோட றெக்கை நனைஞ்சிடும், மேல போக முடியாது" என்றாள். அடக்கினேன். அதற்கப்புறம் அழுகை வரவே இல்லை. இங்கே என் அக்கா என்னை தைரியசாலி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது எனக்கு, உடம்பு முழுக்க. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

யாஸ்னா


லொய்க்கா,
மார்ச் 30

அன்புள்ள யாஸ்னாவுக்கு,

நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அன்றைக்கு நான் பாட மறுக்கவில்லை. பெற்றவனைப் போய்ப் பாடவைக்க மாட்டார்கள், ஆறு பேரில் எவனாவது பாட்டை எடுப்பான் என்று காத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். நிமிர்ந்தபோது ஜன்னல் வெளுத்துவிட்டது.

போன மாதம் திராட்சை அறுப்பில்தான் விஷயம் தெரிந்தது. எர்னால்டோவும் நானும் ஒரே வரிசையில் நின்று அறுத்துக்கொண்டிருந்தோம். "அவளுக்கு ஞானத்தகப்பன்டா நீ. அன்னைக்கு ஏன் எடுக்கல?" என்று கேட்டேன்.

"நானா? நீ உக்காந்திருக்கும்போது நான் எடுத்தா ஊர் என் மூஞ்சியில துப்பாது? அப்பன் பாடகனா இருந்தா அவனைத் தாண்டி எவன்டா எடுப்பான்? நீ ஏன் எடுக்கல?"

"நீ எடுப்பன்னு இருந்தேன்."

"அடப் பாவி" என்று கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டான். மற்ற ஐந்து பேரையும் விசாரித்தோம். அத்தனை பேரும் மரியாதை பார்த்து எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

இப்போதாவது வட்டம் கூட்டிப் பாடலாம் என்றால் ஒருவனும் வர மாட்டேன் என்கிறான். எதிரே பிள்ளை இல்லாமல் விடைப்பாட்டு கூடாதாம். "காலி நாற்காலிக்கா பாடுவ? போன உசிரைத் திரும்ப இழுத்துட்டு வந்துடும்டா, ஆகாது" என்கிறான் எர்னால்டோ. அதனால்தான் இந்தப் பெட்டி. தனியாகப் பாடிப் பதிந்து உனக்கு அனுப்புகிறேன். நீ ஒருத்தி கேட்டால் போதும், பாடியதாக ஆகும்.

இதைக் கேட்டால் நீ வீட்டுக்குத் திரும்பி வருவாய் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. வேஷம் போடாமல் சொல்லிவிட்டேன்.

உன்,
நிபால்டோ


இக்கிக்கே,
ஏப்ரல் 15

நிபால்டோவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுவேனோ, கத்துவேனோ என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஆத்திரம் வந்தது. ஏழு ஆம்பிளைகள்! ஒருத்தனுக்காவது தொண்டையைக் கனைக்கத் தோன்றவில்லையே! உங்கள் மரியாதையில் இடி விழ.

பெட்டியை நேற்று பஸ்ஸில் போட்டிருக்கிறேன். மெலிபீயா நிலையத்தில் உன் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள். கறுப்பு, பளபளப்பெல்லாம் கிடையாது, ஆனால் இரண்டு துளையும் மைக்குக்கானது. கூட இரண்டு சாதாரண மேடை மைக் வைத்திருக்கிறேன். உசத்தி மைக் வாங்கினால் அதற்குப் பெட்டியிலிருந்து கரன்ட் கொடுக்க வேண்டும், அதைவிட முக்கியமாக அது உன் வீட்டுக் கோழி, நாய், பக்கத்து வீட்டு டிராக்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். இது வாய்க்கு நேரே இருப்பதைத்தான் பிடிக்கும். ஒன்றை வாய்க்கு நாலு விரல் தள்ளி வை, இன்னொன்றைக் கிட்டாரின் துளைக்கு நேராக வைக்காமல் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தைப் பார்த்து வை. நீ எவ்வளவு உரக்கப் பாடுவாயோ அவ்வளவு உரக்கப் பாடிப் பார், சிவப்பு விளக்கு எரிந்தால் குமிழைக் குறை. உன் லேப்டாப் கிழடு, உன் குரல் அதற்குள் போய்விட்டு ஹெட்ஃபோனுக்குத் தாமதமாக வரும். முன்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் குரல் நேராகக் காதுக்கு வரும். மறக்காதே.

விடைப்பாட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளும் இடத்தில் "அழாதே அம்மா" என்று வரும் இல்லையா? அதைப் பாடினாயானால் அங்கேயே அணைத்துவிடுவேன். மீதியைக் கேட்பேன் என்று சத்தியம் பண்ண மாட்டேன். வருவேன் என்றும் பண்ண மாட்டேன்.

யாஸ்னா


லொய்க்கா,
மே 12

அன்புள்ள யாஸ்னாவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. முதல் நாள் நான் பாடிய சொல் கொஞ்சம் பிந்தி என் காதுக்கே திரும்ப வந்தது. முதுகுக்குப் பின்னால் எவனோ என்னைப் போலவே பாடுகிற மாதிரி இருந்தது. எர்னால்டோ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்து, ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், பொத்தானை அமுக்கு, மறக்காதே என்று எழுதியிருக்கிறாய். முட்டாள் என்று நீ திட்டுவது காதில் விழுந்தது.

அவள் விடை சொல்ல வீட்டுக்கு, ஞானப்பெற்றோருக்கு, எனக்கு என்று மூன்று பாட்டும் ஒரே நாளில் முடிந்தன. அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளும் பாட்டைப் பாடும்போது நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்திருந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு நாய்க்குச் சோறு வைத்தேன்.

உனக்கான பாட்டுக்குத்தான் ஒன்பது நாள் ஆனது. எப்படித் தொடங்கினாலும் பழக்க தோஷம், "அழாதே" என்று போய் நிற்கிறது. கடைசியில் இப்படி மாற்றினேன்:

அழு அம்மா, நல்லா அழு,
அடக்கிவைக்க வேண்டாம்.
நனைந்தால் நனையட்டும் றெக்கை,
உலர்த்திக்கொண்டு போவேன்.

எர்னால்டோவுக்குப் போட்டுக் காட்டினேன். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "எங்கப்பன் காலத்துலகூட எவனும் இப்படிப் பாடினது இல்ல. நல்லதுக்கில்லடா" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "இன்னொரு தடவை போடு" என்றான்.

பென் டிரைவை இதோடு வைத்திருக்கிறேன். பாடிவிட்டேன், கிழவி. வருவாயா?

உன்,
நிபால்டோ


இக்கிக்கே,
ஜூன் 2

அன்புள்ள நிபால்டோ,

கேட்டேன். மத்தியானம், கடையில் மாதிரிக்குத் தொங்கும் ஹெட்ஃபோனில். கிட்டார் மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம், அடித்தந்தி குமுறுகிறது. மற்றபடி சுத்தமான பதிவு. முதல் மூன்று பாட்டையும் ரேடியோக்காரியாகவே கேட்டு முடித்தேன்.

நாலாவதில் "அழு அம்மா" என்றாய். அது உன் குரல்தான், நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் சொன்னாள். பத்து மாதத்து அழுகையும் விற்பனை மேசைமேல் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். எதிரே நின்ற பொலிவியாக்காரர் என் தலையிலிருந்த ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது எந்தப் பெட்டியில எடுத்ததும்மா? எனக்கும் அதையே குடுங்க" என்றார். அத்தான் அவருக்கு பில் போட்டு முடித்துவிட்டுத்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்று நாள் அழுதேன். இப்போது சோற்றுக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிகிறது.

வருவாயா என்று கேட்டிருக்கிறாய். நீ என்ன சொல்வாயோ என்று நானும், நான் என்ன சொல்வேனோ என்று நீயும் உட்கார்ந்திருந்தால் இதற்கும் விடிந்துவிடும். அதனால் நானே முதலில் எடுக்கிறேன். வரமாட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. அதுதான் விஷயமே. இத்தனை நாளும் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு மனைவியாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. மூன்றாம் நாள் அழுகை நின்றதும் தேடிப் பார்த்தேன். கோபம் போய்விட்டிருந்தது. அதற்கடியில் வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன், உனக்காகவாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இல்லை, நிபால்டோ. மரத்துப்போயிருந்தபோது எதுவும் தெரியவில்லை. இப்போது நன்றாகவே தெரிகிறது.

நீ நல்லவன். அவளுக்கு நல்லபடியாகப் பாடினாய். பிள்ளை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள், அந்தப் புண்ணியம் உன்னுடையது. சாகும்வரை அதை நான் மறக்க மாட்டேன்.

நானும் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். போய் வருகிறேன் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டேன்.

போகிறேன்.

யாஸ்னா