சொந்த மைதானத்தில் ஆட்டம்

லா சப்பல், பாரிஸ்
12 டிசம்பர் 2021

அன்புள்ள அண்ணைக்கு,

போனில் கதைத்தால் நீங்கள் கோபிக்கிறீர்கள், நான் அழுகிறேன். எழுதினால் இரண்டு பேரும் கொஞ்சம் நிதானமாக இருப்போம் என்று நினைக்கிறேன்.

அக்‌ஷராவின் சாமத்தியச் சடங்குக்கு ஒருவழியாக மண்டபம் கிடைத்துவிட்டது. பிள்ளை பெரியவளாகி ஒரு கோடை போய்விட்டது. இங்கே மண்டபம் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள். ஜனவரி 30, ஞாயிறு. லெ பிளாங்-மெனிலில், இவரின் அக்கா கமலராணி மச்சாள் வீட்டுக்குப் பக்கம்.

பாலும் அறுகம்புல்லும் தலையில் வைக்கிற பாலறுகுக்குத் தாய்மாமன் வேண்டும். நீங்கள்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் மாமனும் மாமியும் சோடியாக நிற்பது முறை. மச்சாள் சொல்கிறா, "அந்த வெள்ளைப் பிள்ளை சீலை உடுத்தி மேடையிலை நிண்டா சனம் சடங்கையோ பாக்கும்? அவவையெல்லோ பாக்கும்." எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சனத்தோடுதானே நான் இருக்க வேண்டும். இந்த ஒருமுறை நீங்கள் மட்டும் வாருங்கள். அவ பிறகு வரட்டும்.

அக்‌ஷரா உங்கள் ஊர் உதைபந்தாட்ட அணி தெஸ்னாவைப் போனில் பார்க்கிறாள். தெஸ்னா ஆட்டக்காரர் பெயரெல்லாம் பாடம். என்னோடு கதைப்பது மட்டும் பிரெஞ்சில்.

உங்கள் தங்கை
சுஜாந்தி


செர்னிஹிவ், உக்ரைன்
3 ஜனவரி 2022

அன்புத் தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. மண்டபம் கிடைத்ததும் சந்தோசம்.

30ஆம் திகதி எனக்கு வர முடியாது. அன்று சொந்த மைதானத்தில் ஆட்டம். எனக்கும் லெஸ்யாவுக்கும் சீசன் டிக்கெட் இருக்கிறது, பக்கத்துப் பக்கத்து இருக்கை. கல்யாணம் முடித்ததிலிருந்து இங்கே நடந்த ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. உனக்குத் தெரியும்.

பனி முழங்கால் அளவு. லெஸ்யா வீடியோ பார்த்துச் சீலை கட்டப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டில் சீலை இல்லை, யன்னல் திரையைக் கழற்றிக் கட்டினாள். இனி அவசரமில்லை என்று சொன்னேன். திரையைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

அக்‌ஷராவுக்கு அணியின் சால்வை அனுப்பியிருக்கிறேன். லீக்கில் ஏழாம் இடம். மோசமில்லை.

அண்ணா
றமேஸ்


லா சப்பல்
6 பெப்ரவரி 2022

அன்புள்ள அண்ணைக்கு,

சடங்கு நல்லபடி முடிந்தது. உங்கள் இடத்தில் பெரியம்மாவின் மகன் கரிகாலன் லண்டனிலிருந்து மனைவியோடு வந்து நின்றான். அவனுக்கு அறுகம்புல்லை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை.

அக்‌ஷரா பல்லக்கில் ஏறும்போது கூறைச்சீலைக்கு மேல் உங்கள் சால்வையைச் சுற்றிக்கொண்டாள். வீடியோக்காரர், "தங்கச்சி, அதைக் கழட்டம்மா, படத்துக்கு வடிவில்லை" என்றார். "நோன்" என்று பிரெஞ்சில் மறுத்தாள். மச்சாளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஆட்டம் என்ன ஆனது? எத்தனைக்கு எத்தனை என்று மாமாவிடம் கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

இனி ஒரு தடையும் இல்லை. அவவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வாருங்கள்.

சுஜா


செர்னிஹிவ்
19 பெப்ரவரி 2022

சுஜா,

பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று அக்‌ஷராவிடம் சொல். அவளுக்கு விளங்கும்.

'இனி ஒரு தடையும் இல்லை' என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதங்களை லெஸ்யாவுக்கு வரிவரியாகச் சொல்வேன். அந்த வரியைச் சொல்லவில்லை.

25ஆம் திகதி லீக் திரும்பத் தொடங்குகிறது. ரிவியில் எல்லையில் படை நிற்பதைப் பற்றியே கதை. நாங்கள் எல்லைக்குக் கிட்ட. வன்னியில் கேட்காத சத்தமா. ஆட்டப் பருவம் முடியட்டும். கோடையில் பார்ப்போம்.

றமேஸ்


லா சப்பல்
3 மார்ச் 2022

அண்ணை,

சண்டை தொடங்கியதிலிருந்து உங்கள் எந்த எண்ணும் வேலை செய்யவில்லை. இந்தக் கடிதம் போகாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

வேலை செய்கிற கடையில் சீலை மடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆட்கள் விலை கேட்கிறார்கள். சொல்கிறேன்.

அக்‌ஷரா லீக் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள். மாறவில்லை. அதே ஏழாம் இடம். "மாறேல்லை எண்டா ஒருத்தரும் விளையாடேல்லை, அம்மா. விளையாடேல்லை எண்டா மாமா வீட்டிலைதான் இருப்பார்." முழுவதும் தமிழில் சொன்னாள்.


செர்னிஹிவ்
10 ஏப்ரல் 2022

சுஜா,

இருக்கிறோம். இரண்டு பேரும்.

தபால் இன்னும் இல்லை, எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அழைக்காதே. குரல் கேட்டால் நான் உடைந்துபோவேன்.

மார்ச் முழுக்க நிலவறையில். தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. மைதானத்தில் குண்டு விழுந்தது. புல்லில் குழி. இருக்கைகள் பிய்ந்து கிடக்கின்றன. எங்கள் இரண்டையும் தேடினேன். எண்ணை வாசிக்க முடியவில்லை.

நிலவறையில் ஒன்றைத்தான் யோசித்தேன். ஜனவரியில் இங்கே லீக் விடுமுறை. அந்தப் பனியில் எவன் விளையாடுவான்? அக்‌ஷராவுக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். அவள் உன்னிடம் சொல்வாள், நீ போன் எடுத்து, "அண்ணை, பொய் சொல்லாதேங்கோ, ரெண்டு பேரும் வாங்கோ" என்று ஏசுவாய் என்று இருந்தேன். 29ஆம் திகதி காலைவரை இருந்தேன். பெட்டி கட்டியிருந்தது.

நான் உன்னை ஏசவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் இந்த நாட்டுக் குடிமகன், அறுபது ஆகவில்லை. அந்த வயது ஆண்களை எல்லை தாண்ட விடமாட்டார்கள். லெஸ்யா வரலாம். நாங்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டு இங்கே வந்து நின்ற அன்றைக்கு, பாரிசுக்கு ஆள் ஏற்றுகிற ஏஜென்சிக்காரனின் வான் வண்டியில் ஒரு இடம்தான் இருந்தது, உன்னை ஏற்றினேன். இன்றைக்கும் ஒரு இடம். போலந்து, பெர்லின் வழியாக 29ஆம் திகதி பின்னேரம் பாரிஸ் கார் து லெஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்குவாள்.

நான் இல்லாமல், அவள் மட்டும். வைத்திருப்பாயா?

றமேஸ்


லா சப்பல்
30 ஏப்ரல் 2022

அன்புள்ள அண்ணைக்கு,

அவ இறங்கவில்லை.

அறை ஒதுக்கி வைத்தேன். மச்சாள்கூடப் புதுக் கட்டில் விரிப்புத் தந்துவிட்டா. அக்‌ஷரா மட்டையில் உக்ரைன் எழுத்தில் பெயர் எழுதிக்கொண்டு வந்தாள், அந்தச் சால்வையோடு. அதைப் பார்த்து யாரோ ஒரு பொம்பிளை ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதா. உங்கள் ஊராம். லெஸ்யா இல்லை.

பெட்டி பெட்டியாகப் பார்த்தோம். அடுத்த ரயிலும் பார்த்தோம். ஏன் என்று தெரிந்தால் எழுதுங்கள்.

இந்தக் கிழமை லீக்கை மூடிவிட்டார்களாம். மிச்ச ஆட்டம் இல்லை. வென்றவர் என்று ஒருவரும் இல்லை. அக்‌ஷரா சொன்னாள்.

சுஜா


செர்னிஹிவ்
12 மே 2022

சுஜா,

லெஸ்யா போலந்தில் லுப்ளினில் இறங்கிவிட்டாள். கூடப் படித்தவள் ஒருத்தி தையற்கடை வைத்திருக்கிறாள், அங்கே இருக்கிறாள். ஐந்து நாள் கழித்துத்தான் எனக்கே சொன்னாள்.

ஆட்டம் என்ற பொய்யை நான் உனக்குச் சொன்னேன். அவளுக்கு என்ன சொல்ல? அவளிடமும் சீசன் டிக்கெட் இருந்ததுதானே. ஜனவரியில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டாள்: "மேடைக்கு வேண்டாதவள் வீட்டுக்கு எப்படி?" கோபமில்லை. விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

றமேஸ்


லா சப்பல்
24 ஓகஸ்ட் 2022

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மச்சாள் சொன்னா, சனம் சொன்னது என்றே வந்தது.

நேற்று லீக்கின் புதுப் பருவம் தொடங்கியது. அக்‌ஷராவோடு இருந்து பார்த்தேன். பார்வையாளர் இல்லாத மைதானம், பந்து உதைக்கிற சத்தம் அப்படியே கேட்கிறது. சைரன் அடித்தால் எல்லோரும் நிலவறைக்குப் போய் வந்து விட்ட இடத்திலிருந்து விளையாட வேண்டுமாம். அணிகளின் பட்டியலில் தெஸ்னா இல்லை. அக்‌ஷரா மேலிருந்து கீழே இரண்டுதரம் தேடினாள்.

சடங்கு அல்பம் வந்தது. பாலறுகுப் படத்தில் கரிகாலனும் மனைவியும் வடிவாக நிற்கிறார்கள். அக்‌ஷரா அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

கடையில் ஒரு சீலை எடுத்து வைத்தேன். நீலம், மெல்லிய கரை. கட்டச் சுகம். அடுத்த மாதம் எனக்கு லீவு. அக்‌ஷராவும் நானும் லுப்ளினுக்குப் போய் அண்ணியின் கையில் கொடுக்கப் போகிறோம். மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். "நீயோ போறாய்?" என்றா. "ஓம், நான்தான்" என்றேன்.

அண்ணியின் விலாசம் மட்டும் அனுப்புங்கள்.

சுஜா


செர்னிஹிவ்
11 செப்டெம்பர் 2022

சுஜா,

கடிதத்தை லெஸ்யாவுக்கு வரிவரியாகச் சொன்னேன், ஒன்றும் விடாமல். 'அண்ணி' என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்த் தேநீர் வைத்தாள்.

போன மாதமே திரும்பி வந்துவிட்டாள். அங்கே இருக்க முடியவில்லையாம்.

லீக் தொடங்கிய அன்று இரண்டு பேரும் மைதானம்வரை நடந்தோம். வாசலில் கயிறு கட்டியிருந்தது. வெளியே மதிலில் உட்கார்ந்தோம், பக்கத்தில் பக்கத்தில். ஒரு ஆட்டம் நடக்கிற நேரம்வரை இருந்தோம். பிறகு சைரன் அடித்தது. எழும்பினோம்.

இங்கே நீங்கள் வர வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற இடமில்லை. சீலை உன்னிடமே இருக்கட்டும்.

விலாசம் கேட்டிருந்தாய். என் பழைய விலாசம்தான் அவளுக்கும். உனக்குத் தெரியும்.

அண்ணா
றமேஸ்