கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தவர்

இன்று காலை இரும்புலியூர் சிக்னலில் ஒரு பேருந்து சடாரென்று பிரேக் போட்டது. ரப்பர் கருகிய வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், நீ மட்டும் ஆழமாக இழுப்பாய். "ரேஸ்ல இந்த வாசனைதான்ப்பா கிரவுண்டு பூரா இருக்குமாம்" என்பாய். நீ ரேஸ் பார்த்ததெல்லாம் கைப்பேசியில்தான்.

ஸ்கூட்டர் லைசென்ஸுக்குப் போய், எட்டு போடும்போது இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டுத் திரும்பியவள் நீ. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் ஓட்டிய ஒரு பெண்மேல் உனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று நம் ஆபீஸில் ஒருவருக்கும் புரியவில்லை. தெருவில் ஓடுகிற கார் போலவே தெரியும் வண்டிகள் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன. "செக்குமாடு மாதிரி சுத்துது, இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன். "நீ மட்டும் தினமும் ரயில்ல தாம்பரம் டு பீச், பீச் டு தாம்பரம் போறியே, அதுல என்ன இருக்கு?" என்றாய்.

மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு, இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பெண்ணைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதினாய். நான் பிழை பார்த்தேன். "அஞ்சாத", "ஒப்பற்ற" என்று நீ போட, நான் எடுக்க, நீ மறுபடி போட, தினமும் சண்டைதான். அங்கே ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் காட்ட வேண்டும் என்பது உனக்குப் பிடிக்கவே இல்லை. "நான் சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்பாய்.

நீ போன இரண்டாம் மாதம், அந்தக் கட்டுரையின் தலையில் நீக்கல் அறிவிப்பு வந்தது. ஒரு பந்தயமும் வெல்லாதவர், மேற்கோள் போதாது, ஒரு வாரத்தில் நீக்கலாம் என்று யாரோ ஒரு புனைபெயர்க்காரர் எழுதியிருந்தார். உன் சவப்பெட்டியை மூடியபோதுகூட அழாத நான், அன்று ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன். உன் பெயரில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதையும் தூக்கிவிடுவார்களா? பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த ஓட்டுநரின் ஊர் நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பழைய செய்தித்தாள்களின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். மூன்றிலும் அவரைப் பற்றி நீளநீளமாக எழுதியிருந்தது. ஆனால் நீ எழுதியதுபோல அவர் ஓட்டியதிலேயே பெரிய பந்தயத்தில் இரண்டாவதாக வரவில்லை, மகராசி. ஏதோ ரசிகர் பக்கத்தை நம்பி எழுதிவிட்டாய். கதவு நசுங்கிய காரை, குழுவினர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல், கடைசிச் சுற்றுவரை ஓட்டி முடித்து, கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்திருந்தார்.

அந்த வரியைத் தொடாமல் விட்டிருக்கலாம். நம் பக்கம் இருந்த ஒரே பெருமை அதுதான். ஆனாலும் திருத்தினேன். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டாய். பேசாதே, போ. பொய்யை வைத்து உன் பெயரைக் காப்பாற்ற எனக்கு இஷ்டமில்லை.

"அப்படியானால் கட்டாயம் நீக்கலாம்" என்று உடனே எழுதினார் அந்தப் புனைபெயர்க்காரர். "ஜெயித்திருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது? நம்பத்தகுந்த இடங்களில் எழுதியிருக்க வேண்டும் என்றுதானே இருக்கிறது? இதோ மூன்று" என்று பதில் போட்டேன். ஆறு நாள் மல்லுக்கு நின்றேன். ஏழாம் நாள் அறிவிப்பை எடுத்துவிட்டார்கள். கட்டுரை இருக்கிறது. அதன் வரலாற்றுப் பக்கத்தில், தொடங்கியவர் என்ற இடத்தில் உன் பெயரும் இருக்கிறது.

உன்னைப் பற்றி அங்கே கட்டுரை எழுத விதி இடம் தராது. எந்தச் செய்தித்தாளும் உன்னைப் பற்றி எழுதியதில்லை. தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் மழை கரைத்துவிட்டது. கரையட்டும். உன் பிடிவாதம் மொத்தமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீ இருந்தாய், சிரித்தாய், என்னோடு சண்டை போட்டாய் என்று நான் எழுதுகிறேன். யாராவது ஆதாரம் கேட்டு வரட்டும். நான் உயிரோடுதான் இருக்கிறேன்.