நான்காம் விதியும் குழாய்த் தண்ணீரும்

6 மார்ச் 2014, வியாழன்

காத்திருப்புப் பட்டியலில் பதினொரு பதிவுகள். எங்கள் இணைய மீன்தொட்டி மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் ஐந்து பதிவுகளும் நேரே வெளிவராது. மட்டுறுத்துநர் மூவரில் ஒருவர் பார்த்து வெளியிட வேண்டும். மன்றத்தைத் தொடங்கிய ஸப்வானுக்குப் புத்தளத்தில் போன் கடை. கிளைட்டன் சிலாபத்தில் வாத்தியார். நான் பாலாவியில் தையல் மெஷினோடு சும்மா இருக்கிறேனாம், அதனால் பட்டியல் என் தலையில்.

தலைமுடி எண்ணெய் விளம்பரம் – மறுப்பு. நாட்டுக்கோழி விற்பனைக்கு – மறுப்பு. கப்பி மீன் குட்டி போட்ட படம் – அனுமதி.

எத்தாளையிலிருந்து டயனா என்று ஒரு புதியவர், முஹ்ஸின் நானாவின் 'வெள்ளிக் கழுவல்' உரையாடல் இழைக்குக் கீழே, "இது பிழையான முறை" என்று தொடங்குகிறார். முஹ்ஸின் நானா முந்தலில் நாற்பது வருடமாக மீன் வளர்ப்பவர், எல்லாருக்கும் அண்ணன். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகைக்கு முன் தொட்டியை முழுதாக வடித்து, மணலையும் வடிகட்டிப் பஞ்சையும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடச் சொல்லும் அவருடைய இழை மன்றத்தின் உச்சியில் ஒட்டியிருக்கிறது. பாதி மன்றம் அதன்படிதான் செய்கிறது, நான் உட்பட.

எங்கள் நான்காம் விதி: மூத்தவரின் பிழையைச் சபையில் சொல்லக்கூடாது, தனிமடலில் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்ந்த விதம் அது, மன்றத்திலும் அதையே எழுதி வைத்தோம். மறுப்பு. அரை நிமிட வேலை.

9 மார்ச், ஞாயிறு

புத்தளம் பக்கம் ஊர் ஊராக வரும் குழாய்த் தண்ணீர் எங்களுக்கும் வந்துவிட்டது! 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வரும்போது எனக்கு எட்டு வயது. அன்று முதல் கிணற்றடியில் வாளியும் வரிசையும்தான். என் வீட்டுக்காரர் லொறியை விட்டிறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயின் கீழே தலையைக் கொடுத்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோகிறது.

14 மார்ச், வெள்ளி

வெள்ளிக் கழுவல் – முதன்முறையாகக் குழாயில். தொட்டி கண்ணாடி போல.

15 மார்ச், சனி

பதினான்கில் பதினொன்று செத்துவிட்டன. வயிறு தள்ளியிருந்த செம்மஞ்சள் கப்பியும்.

என்ன செய்தேன் நான்? சாப்பாடு கூடியதா? சவர்க்காரம் பட்டதா? இவர் பகிடி பண்ணிச் சிரிக்கவில்லை. தேங்காய் மரத்தடியில் குழி தோண்டித் தந்தார்.

மன்றத்தைத் திறந்தால் அங்கேயும் இதே கதை. நுரைச்சோலையில் எட்டு, புத்தளத்தில் முழுத்தொட்டியும். எல்லாருக்கும் முஹ்ஸின் நானாவின் ஒரே பதில்: "சரியாகக் கழுவவில்லை. வாற வெள்ளி இன்னும் நன்றாகத் தேயுங்கள்."

16 மார்ச், ஞாயிறு

மறுத்த பதிவுகள் அழிவதில்லை. யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்ற குறிப்போடு முப்பது நாள் கிடக்கும். டயனாவின் பதிவைத் திறந்தேன். எட்டு வரி. அன்றைக்கு நான் வாசித்தது ஒன்றே ஒன்று.

"இது பிழையான முறை, குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளுக்கு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அப்படியே விட்டால் மீன் சாகும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துவிட்டு, கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், அதிலிருக்கும் நல்ல கிருமிகள்தான் அழுக்கைத் தின்கின்றன…" இப்படியே போகிறது. மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை.

கீழே என் பெயர். றம்ஸியா. காரணம்: விதி நான்கு.

வெட்கமாக இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் நான்தான் கொன்றேன். மற்றவர்களுடையதையும்.

17 மார்ச், திங்கள்

மறுத்தவரே திரும்ப வெளியிட முடியாது, இன்னொரு மட்டுறுத்துநர் ஒப்புதல் தர வேண்டும். எனக்குத் தம்பி போன்ற ஸப்வானுக்குப் போன் எடுத்தேன்.

"ராத்தா, அவர் எங்கட வாப்பாட வயசு மனிசன். சபையில வெச்சுச் சொல்லேலா. தனிமடல் போடுங்க."

போட்டேன். முஹ்ஸின் நானா வாசித்த குறி மட்டும் விழுந்தது. வெள்ளிக்கு நான்கு நாள்.

19 மார்ச், புதன்

கிளைட்டன் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அக்கா, முஹ்ஸின் அண்ணன்ட வீட்டுல கிணறா, பைப்பா?"

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? உடனே முந்தலுக்கு எடுத்தேன்.

"கிணறுதான் தங்கச்சி. எங்களுக்கு எங்க பைப்?"

"அதான் நானா. கிணத்துத் தண்ணிக்கு உங்கட முறை பிழையில்ல. பைப் தண்ணியிலதான் மீன் சாகுது."

"இத எல்லாருக்கும் முன்னால எழுதப் போறியா?"

"ஓம் நானா. எழுதத்தான் வேணும்."

வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஸப்வானின் அழைப்பு. "மன்றத்த விட்டு அவர் போனா அவரோட நாப்பது பேர் போவாங்க ராத்தா. மன்றம் உடைஞ்சா நீங்க மட்டுறுத்துநரா இருக்கேலா."

ஐந்து வருடமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த இடம். ஆனால் நாளை மறுநாள் வெள்ளி. எத்தனை வீட்டில் குழாயைத் திறப்பார்கள்? "நான் இல்லாட்டிப் பரவாயில்ல, தம்பி. பதிவு வரட்டும்" என்றேன்.

20 மார்ச், வியாழன்

கிளைட்டன் ஒப்புதல் தந்தார். அஸர் தொழுகைக்கு முன் டயனாவின் பதிவை விடுவித்து, வெள்ளிக் கழுவலுக்கும் மேலே ஒட்டினேன். அதன் தலையில்: "இந்தப் பதிவை 6ஆம் திகதி மறுத்தது நான். முழுதாக வாசிக்கவில்லை. என் மீன்களும் செத்தன. நாளை யாரும் குழாயில் கழுவ வேண்டாம். – றம்ஸியா, பாலாவி."

என்னிடம் மூன்று மீன்தான் மிச்சம் என்று சொல்லி, டயனாவிடமும் தனியே மன்னிப்புக் கேட்டேன். பதில் வந்தது: "பரவாயில்ல அக்கா. மிச்சம் மூண்டு மீனும் உசிரோட இருக்கா? எப்படிப் பாக்கிற எண்டு சொல்லித் தாறன்."

21 மார்ச், வெள்ளி

கழுவவில்லை. வாளியில் தண்ணீர். ஒரு தையலும் நேராக ஓடவில்லை.

22 மார்ச், சனி

ஒன்றுமில்லை! ஒரு சாவு முறைப்பாடுகூட இல்லை! மன்றத்தில் நூற்றெழுபது வீட்டுத் தொட்டிகள், ஒரு மீன் சாகவில்லை. பட்டியலை ஐந்து தடவை திறந்து பார்த்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ். அடுப்படியில் ஆடியே விட்டேன், இவர் பார்த்துவிட்டார், பார்க்கட்டும்.

முஹ்ஸின் நானா போகவில்லை. பேசவுமில்லை.

5 ஏப்ரல், சனி

நான்காம் விதிக்கு வாக்கெடுப்பு. புது வாசகம் என்னுடையது: "யாருடைய பிழையையும் சபையில் சொல்லலாம், காரணத்தோடும் மரியாதையோடும்." மூன்றுக்கு மூன்று. ஸப்வானும் கை தூக்கினார். "நீங்க பட்டியல் பாக்காட்டி எனக்குக் கடையத் திறக்கேலா ராத்தா" என்று ஒரு சமாதானம் வேறு. என் இடம் என்னிடமே.

12 ஜூன், வியாழன்

மூன்று மீன் முப்பத்தொன்றாகிவிட்டது. எண்ண முயன்றால் ஓடுகின்றன.

மத்தியானம் மன்றத்தில் ஒரு பதிவு. முஹ்ஸின் நானா. தனிமடலில் அல்ல, எல்லாரும் பார்க்கும் பொது இழையில்:

"டயனா தங்கச்சி, முந்தலில் எங்கட பக்கமும் பைப் தண்ணி வந்திட்டு. நாளைக்கு வெள்ளி. நான் என்ன செய்ய வேணும்?"

நான்கு நிமிடத்தில் டயனா எட்டு வரி எழுதியிருந்தார். நானா அதன் கீழே "சரி, வாளியில் வெச்சிட்டன்" என்று போட்டிருந்தார்.