பழகிக்கும் என்று சொல்லிவிட்டேன்

கோட்டைமேடு, கோவை
21.7.1996

அன்பு மகள் சமீராவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி சஹீரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. ஷார்ஜாவில் நீ நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம், பதில் தெரிந்துபோனதால் கேட்கவில்லை. போன மாதம் நீ கொடுத்தனுப்பிய கடிதத்தை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், நான் கடைக்குப் போனதும் எடுத்துப் படித்து அழுகிறாள் என்று சஹீர் சொன்னான். அவனுக்குப் பாலிடெக்னிக்கில் பரீட்சை முடிந்துவிட்டது. இங்கே ஓயாமல் காற்றடிக்கிறது, கடை முழுக்க மண்.

உக்கடம் வண்ணமீன் கடையில் வியாபாரம் சுமார்தான். பொன்னானியில் மழை என்பதால் மீன் லாரியில் கேன்களில் வரும் கடல் தண்ணீர் இரண்டு வாரமாக வரவில்லை. சூலூரில் தறி வைத்திருக்கும் திருமலைசாமியை உனக்கு ஞாபகமிருக்கும், வீட்டில் இரண்டடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்கிறவர். அதில் நீல டாம்சல் மீன் ஒன்று ஆறு மாதமாகத் தனியாக இருந்தது. விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் முதலில் குடியேறிய தொட்டி முழுக்கத் தனக்கே என்று நினைக்கிற ரகம். இந்த மாதத் தொடக்கத்தில் அவர் கடைக்கு வந்து, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீனைக் காட்டி, ஏனுங்க பாய், இது அதோட சேருமுங்களா என்று கேட்டார். சேராது என்று எனக்குத் தெரியும். பெரிய தொட்டியென்றால் ஒதுங்கிப் பிழைக்கும், இரண்டடியில் எங்கே ஒதுங்கும். ஆனால் மனிதர் பஸ் பிடித்து வந்து ஆசையாகக் கேட்கிறார், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு எப்போது வாய் வந்திருக்கிறது. பழகிக்குமுங்க என்று சொல்லிப் பையில் ஆக்ஸிஜன் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்து வந்தார், செத்துப்போயிருந்தது. மனிதர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூலையிலயே நின்னுதுங்க பாய், தீனி போட்டாத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க, அந்த நீலம் ஒரு கடி கடிக்கலீங்க, சும்மா அது முன்னால போயிட்டும் வந்துட்டும் இருந்துதுங்க, அவ்வளவுதானுங்க என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், உடம்பில் ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி, அவர் அடிப்பதில்லை அத்தா, அதனால் யாரிடம் என்னவென்று சொல்வது, சோறுதான் இறங்கவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அது ஞாபகம் வந்துவிட்டது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மீனுக்காக அழுகிறேன் என்று நினைத்து, உடுங்க பாய், வேற வாங்கிக்கலாமுங்க என்று அவர் எனக்குச் சமாதானம் சொன்னார்.

உன்னைப் பெண் கேட்டு அந்தியூரிலிருந்து வந்த அன்று, மாப்பிள்ளை ரிஃபத் வாயைத் திறந்ததும் அவருடைய அம்மா பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். எந்த மீன் வந்தால் எந்த மீன் அசையாமல் நிற்கிறது என்று பார்த்தே முப்பது வருடம் பிழைத்தவன், எனக்குத் தெரியாமல் போகுமா. வீடு தேடி வந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது என்று இருந்துவிட்டேன். அவர்கள் போனதும் நீ அடுப்படியில் வந்து, நீங்க என்ன நெனைக்கறீங்க அத்தா என்று கேட்டாய். போகப் போகப் பழகிடும் கண்ணு என்றேன். கடையிலேயே வளர்ந்த பெண், அத்தா பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாய். அதை நினைத்தால் தொழுகையில்கூட மனசு நிற்பதில்லை.

பத்து நாளுக்கு முன் ஜும்மா முடிந்து உன் மாமனார் கடைக்கு வந்தார். பொண்ணுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி எழுதுங்க பாய், அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க என்றார். அவரிடமும் சரிங்க என்று தலையாட்டினேன். அவர் கேட்ட கடிதம் இதில்லை. நீ வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கோழிக்கோட்டில் வந்து இறங்குகிறவரை அவரிடம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை, இறங்கிய மறுநாள் அந்தியூருக்குப் போய் முகத்துக்கு நேரே சொல்வேன். ஊர் பேசும் என்று அம்மா பயப்படுகிறாள், பேசட்டும். தபாலை மாப்பிள்ளை பிரித்துப் படித்துவிட்டுத் தருவதாக எழுதியிருந்தாய், அதனால் இதை ஷார்ஜாவில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போகிற மேல்வீட்டு தாஜுன்னிசா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. ஒரு வாயாவது சாப்பிடு.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருப்பானாக, ஐந்து வேளையும் உனக்காகத்தான் கையேந்துகிறோம். பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா என்பதை மட்டும் தாஜுன்னிசாவிடம் மறக்காமல் சொல், எழுத வேண்டாம். வருவதா இருப்பதா என்று நீயே யோசித்து முடிவெடு கண்ணு. அத்தா சொன்னேன் என்பதற்காக எதையும் செய்யாதே, ஒரு தடவை என் பேச்சைக் கேட்டது போதும்.

இப்படிக்கு,
உன் அத்தா
யாகூப்