ஆற்றில் கரைந்த சோப்பு

10-8-81

தலைமையாசிரியை சிஸ்டர் பேட்ரிசியா கூப்பிட்டார். ஒரு நாளைக்கு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறீர்கள், அளந்து எழுதி வாருங்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் சொல்லியிருந்தேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"பாடத்துல இல்லாதது எதுக்கு, அமலராணி? சரி, அடுத்த மாசம் அறிவியல் கண்காட்சியில வைங்க. அங்க மானம் போச்சுன்னா, அடுத்த டெர்ம்லேர்ந்து ஒன்பதாம் வகுப்பை கிளமென்ட் சார் எடுப்பார்."

என் வகுப்பையா? பார்க்கலாம்!

13-8-81

ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற வேதவதி, குளியலுக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருக்கிறாள். கிளமென்ட் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். "பொண்ணு குளிக்கிறதே இல்ல போலிருக்கே!" ஒரே சிரிப்பு. நேரே போய் அவள்மேல் பாய்ந்தேன்.

"காவேரியிலதான் குளிக்கிறேன் மிஸ். குளிச்ச தண்ணி ஆத்துலயேதானே இருக்கு? எப்படிச் செலவாகும்?"

அவள் சொல்வது சரிதானோ?

14-8-81

சோப்பு! வாளியில் குளித்தாலும் ஆற்றில் குளித்தாலும் அது எங்கே போகிறது? எடுப்பதை அளக்கச் சொன்னேன். தண்ணீரில் விட்டுவிட்டு வருவதை மறந்தேன். மண்டு, மண்டு!

வேதவதியிடம் சொன்னேன். கண்ணெல்லாம் பளிச்சென்றது அவளுக்கு.

24-8-81

ஆளுக்கொரு சோப்பு. முந்தின திங்கட்கிழமை எடை போட்டதை இன்று மறுபடி போட்டோம். லூர்துராணியின் சோப்பு எடை கூடியிருக்கிறது! வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஈரம்தான். எல்லாவற்றையும் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும்.

12-9-81

கண்காட்சி. கரைந்த எடைக்குச் சோப்பைச் சீவித் தட்டில் குவித்திருந்தோம். ஒரே வகுப்பு ஒரே வாரத்தில் ஆற்றுக்கும் சாக்கடைக்கும் கொடுத்தது.

பார்வையிட வந்த அதிகாரி, "திருச்சி முழுக்கச் சேர்த்தா எவ்வளவு வரும்?" என்றார்.

"இந்த மேஜை தாங்காது சார். உங்களோடது எவ்வளவு சார்?" — வேதவதிதான்! மனிதர் திருதிருவென்று விழித்தார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் பரிசு. முதல் பரிசு!

கிளமென்ட் வந்தார். "அந்தப் பொண்ணைப் பாத்து நான் சிரிச்சிருக்கக் கூடாதுங்க" என்றார். அதை அவளிடமே சொல்லச் சொன்னேன். சொன்னார்.

5-10-81

அடுத்த டெர்ம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு என்னிடமேதான். எட்டாம் வகுப்பும் சேர்த்து. வராந்தாவில் நான் குதித்ததைச் சிஸ்டர் பார்த்துவிட்டார். கண்டிப்பார் என்று நினைத்தேன்.

"கான்வென்ட்ல நாங்களும் சோப்பு போட்டுத்தான் குளிக்கிறோம், அமலராணி. தராசை எப்பக் கொண்டாரீங்க?"