கொடி வராத அடக்கம்

ரோம், 10 டிசம்பர் 1949

அன்பு அர்ஜியா,

புதுக் கட்சி பிறந்துவிட்டது. மாஸ்கோவுக்கும் தலையாட்ட மாட்டோம், பாதிரிமாருக்கும் தலையாட்ட மாட்டோம். அலுவலகத்தில் அடுப்பு இல்லை, கோட்டோடுதான் வேலை. பழைய கட்சியை நான் விட்டதற்கு உன் அப்பா திட்டினாரா?

உன் சாந்தே

வில்லா ரோந்தி, 3 மார்ச் 1950

அன்புள்ள சாந்தே,

அப்பா உன்னைத் திட்டினார், பிறகு உனக்காகச் சண்டையும் போட்டார். நீ துரோகி என்று எழுதி நம் ஊர்க் கட்சிக் கிளைக்காரர்கள் அவரிடம் கையெழுத்துக் கேட்டார்கள். "கோணப் புத்திக்காரன்தான், ஆனா துரோகி இல்ல" என்று மறுத்துவிட்டார். அவரையும் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கூட்டுறவுக் கடையில் தெரேசீனா, "உம் புருஷன்தான் தனிக்கடை போட்டுட்டானே, மாவு அங்கயே வாங்கிக்க" என்கிறாள். சிரித்துக்கொண்டே வரிசையில் நிற்கிறேன். மே தினத்துக்காவது வந்துவிட்டுப் போ.

உன் அர்ஜியா

வில்லா ரோந்தி, 29 ஜனவரி 1951

சாந்தே,

கூட்டம் இருப்பதால் வர முடியவில்லை என்ற உன் தந்தி கிடைத்தது. அப்பாவை நேற்று அடக்கம் செய்தோம். பாதிரி வேண்டாம் என்று சொல்லியிருந்தார், அதனால் கோயில் மணி அடிக்கவில்லை. கிளைக் கொடி வரவில்லை, அதனால் பேண்டு வாத்தியமும் வரவில்லை. பாசிஸ்டு காலத்தில் அந்தக் கொடியை மெத்தைக்குள் தைத்து, அதன்மேல் படுத்துக் காப்பாற்றியவர் அவர். கிளைச் செயலாளரிடம் நானே போய்க் கேட்டேன். "உம் புருஷன் கட்சிக்கும் ஒரு கொடி இருக்குமே, அத வாங்கிப் போத்து" என்றான். கொடி போர்த்தாத பெட்டிக்குப் பின்னால் நாலு பேர் நடந்தோம். நீ இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

அர்ஜியா

ரோம், 8 மே 1951

அன்பு அர்ஜியா,

நல்ல செய்தி. எங்கள் கட்சியைக் கலைத்துவிட்டோம். மற்றவர்கள் வேறு பக்கம் போகிறார்கள், நான் பழைய கட்சிக்கே திரும்புகிறேன். நம் ஊர்ச் செயலாளர் இங்கே வந்திருந்தான். "நம்ம வீட்டுச் சண்டதானேடா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். யோசித்துப் பார்த்தால் இரு கட்சிகளின் தீர்மானத்துக்கும் இரண்டு வரிதான் வித்தியாசம். சனிக்கிழமை வருகிறேன். கிளையில் விருந்து, நீயும் வர வேண்டும்.

உன் சாந்தே

வில்லா ரோந்தி, 11 மே 1951

சாந்தே,

நேற்று செயலாளர் நம் வீட்டுக்கே வந்தான். "வேணும்னா கொடிய இப்ப கல்லறைக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றான். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டேன்.

நீ பெரிதாக எதையோ நம்புகிறாய் என்றுதான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு வரி என்று நீயே எழுதிவிட்டாய். நீங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டீர்கள், என் அப்பாவைக் கேட்காமலே.

போலோன்யாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். விருந்துக்குப் போ, அவர்களுக்கு நீ வேண்டும். எனக்கு வேண்டாம்.

அர்ஜியா